ஒளி எதில் புகும், எதில் தடைபடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே விளக்கின் முன் கண்ணாடி, காகிதம், துணி, பால், உலோகத் தகடு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது. இது குறித்து மாணவர்களும் பெற்றோரும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் வினாக்களுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விடைகள் பலவாக இருந்தாலும் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே விசாரணைக்குத் திரும்பி வருவதைக் காணலாம்: வராமற்போன ஒளி பொருளுக்குள் உட்கவரப்பட்டதா, அல்லது திசை மாறி வேறெங்கோ சென்றதா?

ஒளிபுகும் பொருள், ஒளிகசியும் பொருள், ஒளிபுகாப் பொருள் ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

அச்சிட்ட தாள் ஒன்றை மேசையில் வைத்து, சோதிக்க வேண்டிய பொருளை அதற்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அதன் வழியே எழுத்துகளைப் படிக்க முயல்வதே எளிய வழி. எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தால் அது ஒளிபுகும் பொருள். வெளிச்சம் வந்தும் எழுத்து தெரியவில்லை என்றால் ஒளிகசியும் பொருள். வெளிச்சமே வராவிட்டால் ஒளிபுகாப் பொருள். உயர்த்திப் பிடிப்பது அவசியம். தாளோடு ஒட்டி வைத்தால் ஒளிகசியும் பொருள்களில் பலவும் எழுத்தைக் காட்டிவிடும். அதன் காரணம் கீழே சொரசொரப்பான கண்ணாடியைப் பற்றிய விடையில் வருகிறது.

பாடநூல்களில் இந்த மூன்றையும் மூன்று கட்டங்களாக வரைந்து பொருள்களை நிரப்பச் சொல்வது வழக்கம். தொடக்கத்திற்கு அது போதும். ஆனால் ஒரு பொருள் எந்தக் கட்டத்தில் சேரும் என்பது அப்பொருளின் தடிமன், மேற்பரப்பு, ஈரம், அதன்மீது விழும் ஒளியின் அலைநீளம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த அட்டவணை தவறான நம்பிக்கையையே தரும்.

ஒளி ஒரு பொருளின் மீது விழுந்தால் அதற்கு என்னென்ன நேரலாம்?

ஒரு பகுதி மேற்பரப்பிலேயே எதிரொளிக்கப்படும். உள்ளே நுழைந்த பகுதி நேராகக் கடந்து போகலாம். உள்ளிருக்கும் நுண்ணிய துகள்களிலும் இடைவெளிகளிலும் பட்டுப் பல திசைகளில் சிதறலாம். அல்லது உட்கவரப்பட்டு வெப்பமாக மாறலாம். சாதாரணக் கண்ணாடித் தகட்டின் மீது ஒளி செங்குத்தாக விழும்போது முன்பக்கத்தில் ஏறக்குறைய 4 விழுக்காடும், பின்பக்கத்தில் மேலும் 4 விழுக்காடும் எதிரொளிக்கப்படுகின்றன. ஆகவே எவ்வளவு தூய்மையான கண்ணாடியாக இருந்தாலும், சிறப்புப் பூச்சு எதுவும் இல்லையென்றால், 92 விழுக்காட்டிற்கு மேல் அது கடத்துவதில்லை. இடையில் காற்று இருக்குமாறு பத்துக் கண்ணாடித் தகடுகளை அடுக்கினால், கண்ணாடி எதையும் உட்கவராவிட்டாலும், மறுபுறம் வந்து சேரும் ஒளி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும்.

கண்ணாடி கெட்டியான பொருள். அதில் ஒளி எப்படிப் புகுகிறது? பொருளுக்குள் இருக்கும் இடைவெளிகள் வழியாகவா?

இந்த எண்ணம் மிகப் பரவலானது, ஆனால் சரியன்று. மரக்கரி முழுவதும் நுண்துளைகள் நிறைந்தது, எனினும் அது கருமையின் எடுத்துக்காட்டாகவே சொல்லப்படுகிறது. வைரம் அதைவிட மிக அடர்த்தியானது, ஆனால் ஒளியைத் தடையின்றி விடுகிறது. இரண்டும் கார்பன் அணுக்களால் ஆனவை என்பதால், வேறுபாடு அணுவிலும் இல்லை, இடைவெளியிலும் இல்லை என்பது தெளிவு. அணுக்கள் எப்படிப் பிணைந்துள்ளன, அந்தப் பிணைப்பில் எலக்ட்ரான்கள் எந்த அளவு ஆற்றலை ஏற்கும் என்பதில்தான் விடை இருக்கிறது.

எலக்ட்ரான்கள் தாம் விரும்பிய அளவில் ஆற்றலைப் பெற முடியாது. படிக்கட்டில் அரைப்படி ஏறி நிற்க முடியாததைப் போல, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தாவப் போதுமான ஆற்றல் கிடைத்தால் மட்டுமே அவை ஒளியை உட்கவரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). அந்த ஒளியின் ஒவ்வொரு துகளும் சுமந்துவரும் ஆற்றல், இத்தகைய மிகச் சிறிய ஆற்றல்களை அளக்கும் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில், 1.8 முதல் 3.1 வரை. தூய சிலிக்கா கண்ணாடியில் எலக்ட்ரான் தாவ வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 9 எலக்ட்ரான் வோல்ட், வைரத்தில் 5.5. கண்ணுக்குத் தெரியும் எந்த ஒளித்துகளுக்கும் அந்த அளவு ஆற்றல் இல்லாததால், அதை உட்கவர அங்கே ஆளில்லை. ஒளி கடந்து போகிறது. மரக்கரியிலும் கிராபைட்டிலும் எளிதில் நகரும் எலக்ட்ரான்கள் இருப்பதால் எந்த நிற ஒளி வந்தாலும் அவை ஏற்றுக்கொள்கின்றன.

அப்படியானால் கண்ணாடியைப் பொடித்தால் ஏன் வெள்ளையாகிவிடுகிறது?

பொடித்ததால் கண்ணாடி ஒளியை உட்கவரத் தொடங்கிவிடவில்லை. முன்பு இரண்டே பரப்புகள் இருந்த இடத்தில் இப்போது இலட்சக்கணக்கான பரப்புகள் உண்டாகிவிட்டன. ஒவ்வொரு பரப்பிலும் ஒளியின் ஒரு சிறு பங்கு எதிரொளிக்கப்படுகிறது, மீதி விலகுகிறது. பரப்புகள் எல்லாத் திசைகளையும் நோக்கியிருப்பதால் ஒளியும் எல்லாத் திசைகளிலும் சிதறி, பெரும்பகுதி வந்த பக்கமே திரும்பிவிடுகிறது. எல்லா நிறங்களும் ஒரே அளவில் திரும்புவதால் பொடி வெண்மையாகத் தோன்றுகிறது. உப்பு, சர்க்கரை, பனித்தூவி, நுரை ஆகியவற்றின் வெண்மைக்கும் இதுவே காரணம். ஒற்றை உப்புப் பரலை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் நிறமற்ற சிறு கனசதுரம் தெரியும்; வெள்ளைச் சாயம் எங்கும் இருக்காது.

எண்ணெய் பட்ட காகிதத்தில் ஒளி ஊடுருவித் தெரிவது ஏன்?

இந்தப் பக்கத்திலுள்ள கேள்விகளில் மிகுந்த பயன் தருவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். ஒற்றை நாரைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய நிறமற்றது. நார்களுக்கிடையே காற்று நிரம்பியிருப்பதே காகிதத்தின் வெண்மைக்குக் காரணம். ஒரு பொருளுக்குள் ஒளி வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். நாரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, காற்றினுடையது 1. இந்த வேறுபாடு பெரியதாகையால் நாரும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் 4 விழுக்காடு ஒளி திரும்புகிறது. ஒளி தாளைக் கடப்பதற்குள் இத்தகைய சந்திப்புகள் பல வந்துவிடுவதால் பெரும்பகுதி மறுபுறம் சென்று சேர்வதில்லை.

சமையல் எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.47. எண்ணெய் காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் நிறையும்போது, நாருக்கும் எண்ணெய்க்கும் இடையிலான எதிரொளிப்பு 0.01 விழுக்காடு என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒளியின் கண்ணுக்கு நாரும் எண்ணெயும் ஒரே பொருளாகிவிடுகின்றன என்றே சொல்லலாம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 ஆகையால் அதுவும் இதே வேலையைச் செய்யும், ஆனால் எண்ணெய் அளவுக்குத் திறம்படச் செய்யாது. அத்துடன் அது உலர்ந்தவுடன் காற்று மீண்டும் உள்ளே வந்து காகிதம் பழையபடி வெண்மையாகிவிடும். நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி உடலைக் காட்டுவதும் இதனால்தான்.

ஒரு துளி எண்ணெயைத் தாளில் இட்டு, அது பரவி நின்ற பின் கவனியுங்கள். தாளை விளக்கை நோக்கி உயர்த்திப் பிடித்தால் எண்ணெய்க் கறை சுற்றியுள்ள இடத்தைவிடப் பளிச்சென்று தெரியும். அதே தாளைக் கரிய மேசையின் மீது வைத்து மேலிருந்து பார்த்தால் கறை சுற்றுப்புறத்தைவிட இருண்டு தெரியும். கறையின் வழியே ஒளி கூடுதலாகக் கடந்துபோவதால் திரும்பிவரும் ஒளி குறைகிறது; இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் பன்சன் இதையே அளவுகருவியாக்கினார். எண்ணெய்ப் பொட்டு இட்ட தாளை இரு விளக்குகளுக்கு இடையே நிறுத்தி முன்னும் பின்னும் நகர்த்தினால், இருபுறமும் விழும் ஒளி சமமாகும் இடத்தில் பொட்டு ஏறக்குறைய மறைந்துபோகும். அவ்விடத்திலிருந்து இரு விளக்குகளுக்கும் உள்ள தொலைவை அளந்து அவற்றின் செறிவை ஒப்பிட முடிந்தது.

இதே கருத்து உயிருள்ள தோலிலும் செல்லுபடியாகிறது. 2024-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணவில் மஞ்சள் நிறம் சேர்க்கப் பயன்படும் டார்ட்ராசின் என்ற சாயத்தின் கரைசலை எலிகளின் தோலில் தடவி, அந்த இடத்தைத் தற்காலிகமாக ஒளி ஊடுருவும்படி செய்து காட்டினர். சாயம் கலந்த நீரின் ஒளிவிலகல் எண் உயர்ந்து, தோலிலுள்ள புரதத்தினதையும் கொழுப்பினதையும் நெருங்கியதால் சிதறல் குறைந்தது. நன்கு கழுவியதும் தோல் பழைய நிலைக்குத் திரும்பியது. மனிதத் தோலில் இதை முயல வேண்டாம்.

கண்ணாடிக் கோல் எண்ணெயில் மறைந்துபோவதாகக் காட்டுவது கண்கட்டு வித்தையா?

கோல் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆய்வகத்தில் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.47, பல சமையல் எண்ணெய்களினதும் கிளிசரினுடையதும் அதை ஒட்டியதே. எல்லையில் ஒளி விலகவும் இல்லை, எதிரொளிக்கப்படவும் இல்லை என்றால் எல்லை இருப்பதைக் கண் எப்படி அறியும்? சாதாரணக் கண்ணாடியின் எண் 1.5-ஐ ஒட்டியது என்பதால் அது முழுமையாக மறையாது, மங்கிய விளிம்பாவது தெரியும்.

குளியலறைச் சன்னல்களில் உள்ள சொரசொரப்பான கண்ணாடி வெளிச்சத்தை விட்டும் உருவத்தை ஏன் மறைக்கிறது?

அதன் ஒரு பக்கம் மணலாலோ அமிலத்தாலோ அரிக்கப்பட்டு நுண்ணிய மேடு பள்ளங்களாக்கப்பட்டிருக்கும். உள்ளே கண்ணாடி தெளிவாகவே இருக்கிறது. ஒளியின் வழி குழம்புவது அந்த ஒரு பரப்பில் மட்டுமே. எனவே அந்தப் பக்கத்தில் ஒளிபுகும் ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டினால், பசை பள்ளங்களை நிரப்பி, ஒட்டிய இடம் மட்டும் தெளிந்துவிடும். தண்ணீர் தெளித்தாலும் ஓரளவு தெளியும். சொரசொரப்பான பக்கம் நீர் தெறிக்கும் புறத்தில் இருக்குமாறு பொருத்துவது இதனால் விரும்பத்தக்கதன்று.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் விரலை ஒட்டி வைத்தால் விரல் தெரியும். விலக்க விலக்க மங்கி, பின் வெறும் நிழலாகிவிடும். ஒட்டி இருக்கும்போது விரலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, சிதறினாலும், கண்ணாடியின் ஒரே இடத்திலிருந்தே புறப்படுகிறது. விலகியபின் ஒரு புள்ளியின் ஒளி பரவலாக விழுந்து, பக்கத்துப் புள்ளிகளின் ஒளியோடு கலந்துவிடுகிறது. படி எடுக்கும் மெல்லிய தாள் பயன்படுவதும், முன்பு சொன்ன சோதனையில் பொருளை உயர்த்திப் பிடிக்கச் சொன்னதும் இதை முன்னிட்டே.

பால், மூடுபனி போன்றவற்றில் ஒளி ஏன் மறைகிறது? தண்ணீர் தெளிவானதுதானே?

பாலில் கொழுப்புத் திவலைகளும் கேசீன் புரதத் துகள்களும் மிதக்கின்றன. சுற்றியுள்ள நீரினதைவிட அவற்றின் ஒளிவிலகல் எண் மிகுதி. ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மோதி மோதித் திசையை இழக்கிறது. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சில துளிகள் மட்டும் பாலை விட்டு, ஒரு பக்கமிருந்து கைவிளக்கை அடித்தால், பக்கவாட்டில் நீலச் சாயலும் எதிர்ப்புறத்தில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் சாயலும் தெரியும். குறுகிய அலைநீளம் கொண்ட நீல ஒளியை நுண்துகள்கள் அதிகம் சிதறடிப்பதே காரணம். மூடுபனியின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஒன்றுபோலச் சிதறடிக்கின்றன, அதனால் வெண்மை. மூடுபனியில் வண்டியின் முகப்பு விளக்கை உயர்த்தி எரியவிட்டால் அந்த ஒளியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்பி வருவதால், தாழ்ந்த ஒளியே உதவும்.

உலோகத் தகடு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் ஒளியை மறைக்கிறதே?

எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் என்று சொல்ல முடியாது. உலோகத்தில் சுதந்திரமாக நகரும் எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்திற்கு ஏற்ப உடனே அசைந்து, ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நுழைந்த சிறு பங்கும் சில பத்து நானோமீட்டர்களுக்குள் தேய்ந்துவிடுகிறது. உணவைச் சுற்றும் அலுமினியத் தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இருப்பதால், ஒளியைப் பொறுத்தவரை அது பெருஞ்சுவர். ஆனால் அடித்து மெல்லியதாக்கிய பொன் இதழ் ஏறக்குறைய 100 நானோமீட்டர் தடிமனே உடையது. அதை விளக்கின் முன் பிடித்தால் பச்சை கலந்த ஒளி கசிவதைக் காணலாம். மைக்கேல் ஃபாரடே 1857-இல் இத்தகைய மெல்லிய பொன் படலங்களின் ஒளிப் பண்புகளை விரிவாக ஆராய்ந்தார். விண்வெளி வீரர்களின் தலைக்கவச முகமூடியில் பூசப்படும் பொன் படலமும் பார்வைக்குப் போதிய ஒளியை விட்டு, சுடும் அகச்சிவப்பைத் திருப்பிவிடுகிறது.

மின்சாரம் கடத்தும் பொருள் என்றால் ஒளியை மறைக்கவே வேண்டும் என்பதும் இல்லை. தொடுதிரைகளில் பூசப்பட்டிருக்கும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு மின்சாரத்தையும் கடத்துகிறது, ஒளியையும் விடுகிறது.

தடிமன் கூடினால் ஒளி எந்த அளவில் குறையும்?

இரு மடங்கு தடிமன் என்றால் இரு மடங்கு இழப்பு என்று கணக்கிடுவோர் பலர். உட்கவர்தல் அப்படி நடப்பதில்லை. ஒவ்வோர் அடுக்கும் தன்னிடம் வந்து சேர்ந்த ஒளியில் ஒரே விகிதத்தைக் கழிக்கிறது. ஒரு சென்டிமீட்டர் நிறக்கண்ணாடி பாதியை விடுமானால், இரண்டு சென்டிமீட்டர் கால் பங்கையும், மூன்று சென்டிமீட்டர் அரைக்கால் பங்கையும் விடும். 1729-இல் பியர் பூகேர் கண்டறிந்த இந்த விதி பின்னர் லாம்பர்ட், பீர் ஆகியோரின் பெயர்களால் நிலைபெற்றது.

சன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறமற்றது, விளிம்பு வழியாகப் பார்த்தால் பச்சை. விளிம்பு வழியே வரும் ஒளி பல சென்டிமீட்டர் கண்ணாடியைக் கடந்து வருகிறது. மூலப்பொருளான மணலோடு வந்த சிறிதளவு இரும்பு, சிவப்பு ஒளியை வழிநெடுகக் கழித்துவிடுகிறது. இத்தகைய மாசுகள்தான் கண்ணாடியின் தெளிவுக்குத் தடை என்பதை 1966-இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ் எடுத்துக்காட்டினார். அதுவே மெல்லிய கண்ணாடி இழை வழியே ஒளியால் செய்தி அனுப்பும் ஒளியிழைத் தகவல் தொடர்புக்கு வழிதிறந்து, 2009-இல் அவருக்கு நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. இன்றைய ஒளியிழையில் 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி ஒரு கிலோமீட்டர் பயணத்தில் இழப்பது 5 விழுக்காட்டிற்கும் குறைவே.

தண்ணீரும் இதற்கு விலக்கன்று. குவளையில் நிறமற்ற நீர், கடலில் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பை உட்கவரத் தொடங்கிவிடுகிறது. மிகத் தெளிந்த கடலிலும் 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதிய ஒளி இல்லை, 1000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே இல்லை.

நிறக்கண்ணாடி வெள்ளை ஒளிக்கு நிறம் பூசுகிறதா?

எதையும் சேர்ப்பதில்லை, கழிக்கிறது. சிவப்புக் கண்ணாடி சிவப்பை விட்டுவிட்டு மற்றவற்றை உட்கவருகிறது. நல்ல தரமான சிவப்புத் தாளையும் பச்சைத் தாளையும் ஒன்றன்மீது ஒன்றாக வைத்தால், தனித்தனியே ஒளிபுகும் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இருட்டாகிவிடும். மருந்துப் புட்டிகள் பழுப்பு நிறத்தில் இருப்பது நீல ஒளியையும் புற ஊதாவையும் தடுத்து, ஒளியால் சிதையும் மருந்துகளைக் காப்பதற்காக.

மூடிய சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் தோலைப் பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் வெளியே நிற்பதுபோல அன்று. சாதாரணச் சன்னல் கண்ணாடி, தோலைச் சிவக்கச் செய்வதில் முதன்மையானதும் 315 நானோமீட்டருக்குக் குறைவானதுமான பி வகைப் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. 315 முதல் 400 நானோமீட்டர் வரையிலான ஏ வகைக் கதிரின் கணிசமான பகுதி உள்ளே வரவே செய்கிறது. தோல் முதுமையடைவதிலும் திரைச்சீலைகளின் சாயம் வெளுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. வண்டிகளின் முன்கண்ணாடி இரு கண்ணாடிகளுக்கு இடையே நெகிழிப் படலம் வைத்து ஒட்டப்பட்டது என்பதால் ஏ வகையையும் பெரும்பாலும் தடுக்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் பலவற்றில் அந்தப் படலம் இல்லை.

கண்ணுக்கு ஒளிபுகாததாகத் தெரியும் பொருள் வேறு கதிர்களுக்கு வழிவிடுமா?

தாராளமாக விடும். மெல்லிய கருப்புப் பாலித்தீன் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வெப்பப்படக் கருவியின் (உடல் வெளியிடும் அகச்சிவப்பைக் கொண்டு படம் காட்டும் கருவி) முன் நின்றால் கை தெளிவாகத் தெரியும். அதே கருவிக்கு முன் தெளிந்த கண்ணாடித் தகட்டைப் பிடித்தால் பின்னாலிருப்பவர் முற்றிலும் மறைந்துவிடுவார். உடல் வெளியிடும் நீண்ட அலை அகச்சிவப்பை பாலித்தீன் விடுகிறது, கண்ணாடி உட்கவருகிறது. இதனால் வெப்பப்படக் கருவியின் வில்லைகள் கண்ணாடிக்குப் பதிலாக, அந்த அகச்சிவப்பை விடும் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்யப்படுகின்றன. பார்வைக்கு அவை பளபளக்கும் உலோகத் துண்டுகள் போலவே இருக்கும்.

நுண்ணலை அடுப்பின் கதவு இதற்கு மறுபுறமான உதாரணம். அதிலுள்ள உலோக வலையின் துளைகள் ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. அடுப்பின் அலைநீளமோ ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அந்த அலைக்கு வலை ஒரு முழுச்சுவர், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கோ அது திறந்த பலகணி.

பகலில் வெளியே காட்டும் சன்னல் இரவில் ஏன் முகத்தைக் காட்டுகிறது?

கண்ணாடி மாறவில்லை. அது எப்போதும் 8 விழுக்காடு அளவில் எதிரொளித்துக்கொண்டே இருக்கிறது. பகலில் வெளியிலிருந்து வரும் மிகுந்த ஒளியில் அந்தச் சிறு பங்கு அமுங்கிவிடுகிறது. இரவில் வெளியே இருட்டாக இருப்பதால் அதுவே மேலோங்குகிறது. ஒருபுறம் மட்டும் பார்க்கக்கூடியவை என விற்கப்படும் கண்ணாடிகளும் ஒளியை ஒரு திசையில் மட்டும் விடுவதில்லை. அவற்றில் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு, எந்தப் பக்கம் இருட்டோ அந்தப் பக்கத்தவர் மற்றவரைப் பார்க்கலாம். மாலையில் உள்ளே விளக்கேற்றியதும் நிலைமை தலைகீழாகிவிடும் என்பதை, இதை நம்பித் திரைச்சீலையைக் கழற்றுவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

கருப்புத் திரைச்சீலை நல்லதா, வெள்ளைத் திரைச்சீலை நல்லதா?

ஒரே நெசவாக இருந்தால் கருப்பே அறையை அதிகம் இருட்டாக்கும். வெள்ளை நூலில் சிதறிய ஒளி எப்படியோ வழி கண்டு உள்ளே வந்துவிடும். கருப்புச் சாயம் அதை விழுங்கிவிடும். ஆனால் விழுங்கிய ஒளி வெப்பமாகி அறைக்குள்ளேயே தங்கும். ஒளியும் வேண்டாம், வெப்பமும் வேண்டாம் என்றால், சன்னலை நோக்கிய பக்கம் வெண்மையாகவும் உள்பக்கம் அடர்நிறமாகவும் இருக்கும் இரட்டை அடுக்குத் திரையே ஏற்றது.

ஒளிபுகும் பொருளுக்கு நிழல் உண்டா?

உண்டு. வெயிலில் வைத்த வெறுங்குவளையின் நிழலில் விளிம்புகள் இருண்டும், இடையிடையே பளிச்சிடும் கோடுகளும் இருக்கும். விளிம்பில் ஒளி சாய்வாக விழுவதால் எதிரொளிப்பும் விலகலும் மிகுதி. அங்கிருந்து அகற்றப்பட்ட ஒளி வேறோரிடத்தில் குவிந்து அந்தக் கோடுகளாகிறது.

கைவிளக்கின் மீது விரல்களை வைத்தால் ஏன் சிவப்பாகத் தெரிகிறது? எலும்பு ஏன் தெரியவில்லை?

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் வலுவாக உட்கவருகிறது, நீண்ட அலைச் சிவப்பைக் குறைவாகவே. மிஞ்சிய சிவப்பும் தசைக்குள் பலமுறை சிதறியே வெளிவருவதால், எலும்பின் விளிம்பு கலங்கிக் காணாமற்போகிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி இந்தக் கசிவைத்தான் பயன்படுத்துகிறது: பொதுவாக 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளை அனுப்பி, ஆக்சிஜன் ஏற்ற இரத்தமும் ஏற்காத இரத்தமும் அவற்றை உட்கவரும் விகித வேறுபாட்டைக் கணிக்கிறது.

நம் கண்ணின் முன்பகுதி மட்டும் தெளிவாக இருப்பது எப்படி?

விழிவெண்படலமும் கருவிழியின் முன்னுள்ள தெளிந்த படலமும் பெரும்பாலும் ஒரே கொலாஜன் புரத இழைகளால் ஆனவை. தெளிந்த படலத்தில் அவை ஒரே தடிமனில், ஒரே இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளதால் பக்கவாட்டில் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. வெண்படலத்தில் இழைகள் பருத்தும் மெலிந்தும் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன, அதனால் அது வெள்ளை. தெளிந்த படலம் நீர் கோத்து வீங்கினால் ஒழுங்கு கலைந்து அதுவும் மங்கும். கண்புரையில் நடப்பது வேறு: அங்கே வில்லையிலுள்ள புரதங்கள் திரண்டு கட்டிகளாகி ஒளியைச் சிதறடிக்கின்றன.

கிரகணத்தை எக்ஸ்ரே படலம், புகை படிந்த கண்ணாடி, குறுவட்டு வழியாகப் பார்க்கலாமா?

கூடாது. அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கூசாத அளவுக்குக் குறைத்தாலும், அகச்சிவப்பையும் புற ஊதாவையும் எவ்வளவு விடுகின்றன என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால் தீங்கு நேர்வதும் தெரியாது. ஐஎஸ்ஓ 12312-2 தரத்திற்கு ஏற்ற சூரியக் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதிகபட்சமாக 0.0032 விழுக்காட்டை மட்டுமே விட வேண்டும். எத்தனை கருமையான குளிர்கண்ணாடியும் இதன் அருகே வராது.

வீட்டிலேயே ஒளி கடத்தும் அளவை அளக்க முடியுமா?

ஒப்பிடும் அளவுக்கு முடியும். கைபேசியின் ஒளி உணரியைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, இருட்டறையில் கைவிளக்கை உணரிக்கு நேரே ஒரு நிலையான தொலைவில் நிறுத்தி, பொருள் இல்லாமலும் பொருளை இடையில் வைத்தும் அளவைக் குறித்து, இரண்டாவதை முதலாவதால் வகுக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து ஒளி புகாதவாறு கருந்தாளைக் குழலாகச் சுருட்டி இடையே வைப்பது நல்லது. ஒளிகசியும் பொருளைப் பொறுத்தவரை உணரிக்கு அருகில் வைத்தால் ஓர் அளவும், விளக்கிற்கு அருகில் வைத்தால் மிகக் குறைந்த அளவும் கிடைக்கும். சிதறிய ஒளியில் உணரிக்கு எட்டும் பங்கு மாறுவதால் இரண்டும் அததன் வகையில் சரியானவையே. ஆகவே பொருளை எங்கே வைத்து அளந்தீர்கள் என்பதையும் அளவோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.